வராது என்று சொன்ன புகை

அமில ஆலையின் புகார்த் தொலைபேசியை ஒன்பது வருடமாக எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு ஆலைக்குள் வைத்திருந்த பெயர் நீராவிக்காரன். சுற்றுவட்டாரத்திலிருந்து யார் கூப்பிட்டு, "ஏங்க, உங்க புகைபோக்கியிலேருந்து பழுப்பா என்னமோ வருதே" என்று கேட்டாலும், குரலில் தேனைக் குழைத்து, "அது வெறும் நீராவிங்க. வெயில் படுறதால அப்படித் தெரியுது" என்பான். மழை நாளில் கூப்பிட்டாலும் இதே பதில்தான். ஒருமுறை ஒரு பெரியவர், "வெயிலே இல்லியேப்பா" என்று கேட்டதற்கு, "அதனாலதாங்க இன்னும் அழுத்தமாத் தெரியுது" என்று சொன்ன ஆள் அவன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இவனுக்குச் சோறுகூடத் தேவையில்லை.

கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. சண்டை பிடிக்காது, யாரும் மனம் நோகக் கூடாது, போனை வைக்கும்போது எதிர்முனை சமாதானமாக இருக்க வேண்டும். அதற்கு உண்மையைவிட நீராவி வசதியாக இருந்தது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தான், கீழே சாப்பிட்டான். அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். அண்ணி அதே அமில ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் தலைமை ஆபரேட்டர். உறவில் பெரியவர், வயதில் இவனைவிட இரண்டு வருடம் சின்னவர். அதனால் 'தம்பி' என்று கூப்பிட்டு, 'நீங்க' என்று பேசுவார். இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போதெல்லாம் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஆலை என்னதான் செய்கிறது என்று இவனுக்குச் சோற்றுத் தட்டுக்கு முன்னால்தான் விளங்கியது. புகாருக்குப் பதில் சொல்லத் தொடங்கி மூன்று வருடம் கழித்து என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"காத்துல அஞ்சுல நாலு பங்கு நைட்ரஜன்தான் தம்பி" என்றார் அண்ணி, குழம்பை ஊற்றிக்கொண்டே. "சரியான சோம்பேறி. யாரோடயும் ஒட்டாது. அதை இழுத்துப் பிடிச்சு ஆக்சிஜனோட கட்டிவைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. மின்னல் பண்ணும். மண்ணுல இருக்கிற கிருமி பண்ணும். நாங்க அம்மோனியாவை பிளாட்டின வலை மேல எரிச்சுப் பண்றோம். உங்க அண்ணன் பஸ்சு எஞ்சின் சூட்டுல பண்ணுது."

"என் பஸ்சை ஏன் இழுக்கறே?" என்றார் அண்ணன், தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

"நீங்க தெருத் தெருவா கொஞ்சம் கொஞ்சமா விடறீங்க, யார் கண்ணுலயும் படல. நாங்க ஒரே இடத்துல விட்டா ஊரே பார்க்குது. அவ்வளவுதான் வித்தியாசம்."

"விட்டது அப்புறம் எங்க போகும் அண்ணி?"

"மழையில கரைஞ்சு மண்ணுக்கு வரும். இல்லேன்னா இலையிலயும் சுவத்துலயும் படியும். இல்லேன்னா மூச்சோட உள்ள போகும். முதல் ரெண்டும் அளவோட இருந்தா பரவாயில்ல. மூணாவது வழியை அடைக்கத்தான் எனக்குச் சம்பளம்."

அந்தச் சம்பளத்துக்கான வேலை புகைபோக்கிக்குச் சற்று முன்னால் நிற்கும் ஒரு எஃகுப் பெட்டியில் நடந்தது. ஒரு சின்ன அறை அளவு இருக்கும். உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையான கட்டிகள் அடுக்கியிருக்கும். அமிலமாக மாறாமல் தப்பி வரும் பழுப்பு வாயுவோடு துளி அம்மோனியாவைக் கலந்து அந்தக் கட்டிகளின் வழியே விட்டால், வாயு திரும்பவும் பழைய சோம்பேறி நைட்ரஜனாகிவிடும். கூடவே கொஞ்சம் தண்ணீர். அம்மோனியாவை எரித்துப் பிறந்ததை அம்மோனியாவை வைத்தே அடக்குவது. முள்ளை முள்ளால் எடுப்பது என்று சும்மாவா சொன்னார்கள்! அம்மோனியா குறைந்தால் வானம் பழுக்கும், கூடினால் தெரு நாறும். அண்ணி அந்த வால்வை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, வருடத்தில் முந்நூற்று ஐம்பது நாள் புகைபோக்கியின் வாயில் ஒன்றுமே தெரியாமல் வைத்திருப்பார். ஒன்றும் தெரியாததற்கு யாரும் போன் போட்டுப் பாராட்டியதில்லை.

சிக்கல் மீதி நாட்களில்தான். பழுது பார்க்க ஆலையை நிறுத்தி, மறுபடி ஓட்டும்போது அந்தப் பெட்டி குளிர்ந்து கிடக்கும். சூடேறும்வரை அது வேலை செய்யாது. சூடேற்ற வேண்டியதோ வருகிற வாயுவேதான். அந்தச் சில நிமிடங்கள் புகைபோக்கியிலிருந்து செம்பழுப்புப் புகை எழும். அந்தச் சில நிமிடங்களில்தான் புகார்த் தொலைபேசி அலறும். அப்போதுதான் நம்மாள் நீராவி விடுவான்.

ஆலையின் பின்மதிலை ஒட்டிய தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. அதை நடத்திய டீச்சர் ஐம்பது வயதுக்காரர், கரகரத்த குரல், எதையும் எழுதிவைக்கிற பழக்கம். ஒன்பது வருடத்தில் முப்பத்தோரு முறை நீராவி வாங்கிக் கட்டிக்கொண்டவர். இந்த முறை ஆலையை ஓட்டுவதற்கு நான்கு நாள் முன்னால், தெருக்காரர்களைத் தன் கூடத்தில் கூட்டி, ஆலையிலிருந்தும் ஆளை வரச்சொன்னார். மேலாளரும் நீராவிக்காரனும் போனார்கள். அங்கே இருந்தவை எல்லாம் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகள். முழங்கால் மோவாயில் இடிக்க, மஞ்சள் நாற்காலி ஒன்றில் நம்மாள் மடங்கி உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்துகொண்டு கம்பீரமாகப் பொய் சொல்வது கடினம் என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

டீச்சர் ஒரு அட்டை ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "முந்நூத்திப் பன்னெண்டு பேர் கையெழுத்து இதுல இருக்கு. ஆலையை மூடணும்னு எழுதியிருக்கோம். என்கிட்ட இருபத்திமூணு பிள்ளைங்க. அதுல நாலு பேருக்கு மூச்சிரைப்பு. திங்கக்கிழமை மறுபடியும் அந்தப் பழுப்பு வந்துச்சுன்னா, அன்னிக்கே இது மேலிடத்துக்குப் போயிடும். நீராவின்னு மட்டும் சொல்லாதீங்க சார். காது புளிச்சுப் போச்சு."

கூடத்தில் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். மேலாளரும் பார்த்தார். யார் மனமும் நோகக் கூடாது என்ற பழைய வியாதி அவனுக்குள் எழுந்து நின்றது.

"டீச்சர், இந்தத் தடவை ஒரு துளி பழுப்புகூட வராது. என் பொறுப்பு" என்றான்.

யாரோ கை தட்டினார்கள். மேலாளர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. அந்தத் தவளையாவது மழை வந்த பிறகு கத்துகிறது.

திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனான். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு திரைகளின் முன்னால் உட்கார்ந்திருந்தார் அண்ணி. பதினொரு மணிக்கு ஆலையை ஓட்ட வேண்டும். முன்னால் எட்டுத் திரைகள், நூற்றுக்கணக்கான எண்கள். எல்லாம் அசைந்துகொண்டே இருந்தன. அண்ணி எதையும் உற்றுப் பார்ப்பதாகவே தெரியவில்லை. ஆனால் மூலையில் ஓர் எண் ஒன்று கூடியதும், "நாலாம் பம்ப்பைக் கொஞ்சம் கேளுங்க, இருமுது" என்று ஒயர்லெஸ்ஸில் சொன்னார். பம்ப்பருகே இருந்தவர் போய்ப் பார்த்துவிட்டு, "ஆமாங்க, ஒரு போல்ட் லூசா இருக்கு" என்றார். இவனுக்கு எப்போதும் போல மலைப்பாக இருந்தது. இந்த மனுஷிதான் காலையில் உப்பு டப்பாவைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டவர்.

"அண்ணி, இன்னிக்குப் புகை வராதுல்ல?" என்றான், சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல. "வராதுன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். பொறுப்பும் எடுத்துக்கிட்டேன்."

அண்ணியின் கை நின்றது.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க தம்பி?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மேலாளர் வந்துவிட்டார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. "அதுக்கு வழி இருக்கும்மா. பெட்டி சூடாகிற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? முதல்லயே அம்மோனியாவைத் திறந்துடுங்க. கலர் அமுங்கிடும். அவர்தான் ஊர் முன்னாடி வாக்குக் குடுத்துட்டாரே. அந்த ஃபைல் மேல போச்சுன்னா இருநூறு பேர் வேலை போயிடும், உங்களுதும் சேர்த்துதான்."

அண்ணி எழுந்து, சுவரலமாரியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு தேக்கரண்டி அளவுக்கு வெள்ளைத் தூள்.

"மூணு வருஷம் முன்னாடி ஒரு வால்வு ஒழுகி, குளிர்ந்த பெட்டிக்குள்ள அம்மோனியா போயிடுச்சு. அப்போ பெட்டிக்குப் பின்னாடி குழாயிலேருந்து சுரண்டினது இது. பார்த்தா உப்பு. வயலுக்குப் போட்டா உரம். குழாய்ல ஒரு மூலையில கட்டியாகி, அப்புறம் சூடு ஏறுச்சுன்னா வெடி. இருநூத்திப் பத்து டிகிரிக்கு முன்னாடி நான் அந்த வால்வைத் தொடமாட்டேன் சார். தொடணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

மேலாளர் புட்டியைப் பார்த்தார். பேனாவை எடுக்கவில்லை. "எழுதறதுக்கு என்ன இருக்கு? பதினோரு மணிக்கு நானும் இங்கதான் இருப்பேன். அப்பப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

நீராவிக்காரன் அந்தப் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தான். அந்தக் குழாய்களைச் சுற்றி எந்த நேரமும் முப்பது பேர் வேலை செய்வார்கள். சுவருக்கு இந்தப்பக்கம் அண்ணி உட்கார்ந்திருப்பார். பதினொரு மணிக்கு மேலாளர் அவர் தலைமேல் நின்றுகொண்டு, 'வாக்குக் குடுத்தாச்சே, வாக்குக் குடுத்தாச்சே' என்று அழுத்தப்போவது இவனுடைய வாயிலிருந்து வந்த ஒரு வரியை வைத்துத்தான். ஒன்பது வருடமாகத் தன் பொய் யாரையும் கடிக்காது என்று நம்பியிருந்தான்.

"அண்ணி, புகை வராம ஓட்ட வேற வழியே இல்லியா?"

"இருக்கே. பெட்டிக்கு முன்னாடி நீராவியில சூடு பண்ற ஹீட்டர் ஒண்ணு வெச்சா, ஆலையை ஓட்டறதுக்கு முன்னாடியே பெட்டி தயாரா இருக்கும். ஆறு வருஷத்துல நாலு கடிதம் எழுதிட்டேன். செலவு அதிகம்னாங்க." அண்ணி லேசாகச் சிரித்தார். "பாருங்க தம்பி, உங்களுக்கு வேண்டிய நேரத்துல நிஜ நீராவியே இல்லாமப் போச்சு."

"எத்தனை நிமிஷம் வரும்?"

"ஒம்பது. பாதியில நிறுத்தவும் முடியாது. நிறுத்தினா மறுபடி முதல்லேருந்து, புகையும் ரெண்டு மடங்கு."

அவன் தன் ஒயர்லெஸ் கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினான். வராந்தாவில் மேலாளர் மறித்தார். "எங்க கிளம்பிட்டே?"

"புகார் வர்றதுக்கு முன்னாடியே பதில் சொல்லப் போறேன் சார்."

சைக்கிளில் பின்மதில் தெருவுக்கு ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் எப்படி ஆரம்பிப்பது என்று விதவிதமாக ஒத்திகை பார்த்தான். 'ஒரு சின்ன மாற்றம்' என்று ஆரம்பிக்கலாம். 'எதிர்பாராத காரணத்தால்' என்று ஆரம்பிக்கலாம். காப்பகத்தின் கதவைத் திறந்ததும், முற்றத்து மணலில் இருபத்திமூன்று பிள்ளைகள் தட்டும் கரண்டியுமாக விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். கொடியில் குட்டிப் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. காற்று ஆலைப் பக்கமிருந்துதான் வீசியது. ஒத்திகையெல்லாம் மறந்துவிட்டது.

"டீச்சர், நான் சொன்ன வாக்கைத் திரும்ப வாங்கிக்க வந்திருக்கேன். பதினோரு மணிக்கு மேல புகை வரும். பழுப்பாத்தான் வரும். ஒம்பது நிமிஷம் இருக்கும்."

டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நாலு நாள் முன்னாடி இதே இடத்துல—"

"பொய் சொன்னேன். யாரையும் கேக்காம சொன்னேன். இதுக்கு முன்னாடி சொன்னதும் பொய்தான். அது நீராவி இல்ல டீச்சர். ஒருநாளும் நீராவி இல்ல."

முப்பத்தோரு முறை கேட்டவருக்கு இதைக் கேட்டதும் கோபம் வரவேண்டும் அல்லவா? வந்தது. நன்றாகவே வந்தது. 'உங்களுக்கெல்லாம் பிள்ளை குட்டி கிடையாதா' என்றார், 'சாப்பிடற சோறு எப்படி உள்ள இறங்குது' என்றார், இன்னும் சில சொன்னார். அவன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். ஆனால் திட்டிக்கொண்டிருக்கும்போதே டீச்சரின் கை மணியை எடுத்து அடித்துவிட்டது. அடுத்த கணம் பிள்ளைகள் கூடத்துக்குள் போக ஆரம்பித்தார்கள்.

பிறகு வேலை பறந்தது. ஜன்னல்களைச் சாத்தினார்கள். கொடியிலிருந்த போர்வைகளை அவன் வாரிக்கொண்டு வந்தான். மூச்சிரைப்புப் பிள்ளைகள் நால்வரையும் டீச்சர் உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவிடுக்கில் ஈரத் துண்டைச் சொருகினார். இடையிடையே அவன் தன் புகார் நோட்டைப் பிரித்து, அதிலிருந்த எண்களுக்கெல்லாம் தானே போன் போட்டான். "நான் அமில ஆலையிலேருந்து பேசறேங்க. இல்லீங்க, நீங்க கூப்பிடல, நான்தான் கூப்பிடறேன். இன்னும் அரை மணி நேரத்துல பழுப்புப் புகை வரும், ஜன்னலைச் சாத்திக்குங்க." ஒரு வீட்டில், "நீராவியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். "இல்லீங்க, நைட்ரஜன் டை ஆக்சைடு. மூச்சுக்கு ஆகாது" என்றான். எதிர்முனையில் சிரிப்பு நின்று, ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது.

பதினொன்று ஐந்துக்குப் புகை வந்தது. முதலில் புகைபோக்கியின் விளிம்பில் ஒரு கறை. அப்புறம் அது தடித்து, செம்பழுப்பாக எழுந்து, காற்றில் சாய்ந்து தெருவை நோக்கி வந்தது. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவன் இடுப்பிலிருந்த ஒயர்லெஸ் கரகரத்தது. அணைக்கப் போனான்.

"அணைக்காதீங்க. மேசை மேல வைங்க, நானும் கேக்கறேன்" என்றார் டீச்சர்.

மேலாளரின் குரல் வந்தது. புகையைப் பார்க்க வெளியே வந்து, புகைபோக்கியடியில் நின்றுகொண்டு ஒயர்லெஸ்ஸில் கத்தினார். அவர் கட்டுப்பாட்டு அறையில் இல்லை என்பதில் இவனுக்குக் கொஞ்சம் நிம்மதி. "ஊரே பார்க்குதும்மா! நூத்தி எம்பது வந்துடுச்சே, அம்மோனியாவைத் திறங்க!"

"நூத்தி எம்பது இருநூத்திப் பத்து இல்ல சார்." அண்ணியின் குரல். வீட்டில் 'தம்பி, தண்ணி மோட்டாரை நிறுத்துங்க' என்று சொல்வாரே, அதே குரல். "ஆறாம் நம்பர், காத்தை ரெண்டு சதவீதம் குறைங்க. மெதுவா. இன்னும் மெதுவா. அப்படியே பிடிங்க."

ஐந்து நிமிடம் ஆனது. ஏழு ஆனது. மேலாளர் மறுபடி கத்தினார். அண்ணி மறுபடி எண்ணைச் சொன்னார். "நூத்தித் தொண்ணூத்தி நாலு." கோபமில்லை, கெஞ்சலில்லை. ஒருவர் கத்தக் கத்த இன்னொருவர் வெறும் எண்ணாகப் பதில் சொல்வதை அவன் அதுவரை கேட்டதில்லை. நானாக இருந்தால் முதல் அதட்டலிலேயே 'இதோ திறந்துட்டேன் சார்' என்றிருப்பேன் என்று நினைத்துக்கொண்டான். அது உண்மை.

ஒன்பது நிமிடம் ஆயிற்று. புகை நிற்கவில்லை. டீச்சர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போது ஒயர்லெஸ்ஸில் அண்ணி சொன்னார். "எல்லாருக்கும் சொல்றேன். ஒம்பது நிமிஷம்னு போட்ட என் கணக்கு தப்பு. காத்து நான் நினைச்சதைவிடக் குளிரா இருக்கு. இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகும். யாரும் எதையும் அவசரப்பட்டுத் தொடாதீங்க."

என் கணக்கு தப்பு! அந்த ஆலையின் ஒயர்லெஸ்ஸில், முப்பது பேர் கேட்க, ஒருவர் இந்த வார்த்தைகளைச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே, "இருநூத்தி மூணு" என்றார். சொன்னதால் ஒன்றும் குறைந்துவிட்டதாகத் தெரியவில்லை. தன் அண்ணியை நினைத்து இவ்வளவு பெருமை வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"யாரு இந்தம்மா?" என்றார் டீச்சர் மெதுவாக.

"எங்க அண்ணி."

"உங்க வீட்டு ஆளா?" என்று டீச்சர் கேட்ட தொனியில் அப்பட்டமான ஆச்சரியம் இருந்தது. அவன் அதையும் வாங்கிக்கொண்டான்.

"இருநூத்திப் பத்து. திறக்கறேன்" என்றது ஒயர்லெஸ்.

ஒரு விளக்கை அணைப்பதுபோல் சட்டென்று நிற்கவில்லை. முதலில் செம்பழுப்பு மஞ்சளானது, மஞ்சள் வெளுத்தது, வெளுப்பு கிழிந்தது. பிறகு புகைபோக்கியின் வாய்க்கு மேலே வெறும் வானம். எரிந்தது எரிந்துகொண்டேதான் இருந்தது, மணிக்கு டன் கணக்கில் வாயு போய்க்கொண்டேதான் இருந்தது. கண்ணுக்குத்தான் எதுவும் இல்லை. "டீச்சர், போச்சு!" என்று ஒரு குட்டிப் பெண் ஏமாற்றத்தோடு கத்தினாள். உள்ளறைக் கதவைத் திறந்து பார்த்தார் டீச்சர். நான்கு பேரும் பாயில் உட்கார்ந்து பொம்மையின் கையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் இருமல் இல்லை.

ஜன்னல்களை அரைமணி நேரம் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பப் பார்த்தான். டீச்சர் விடவில்லை. அட்டை ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார்.

"இது வராம இருக்க என்ன செய்யணும்? உண்மையைச் சொல்லுங்க."

அவன் ஹீட்டரைப் பற்றிச் சொன்னான். நாலு கடிதத்தையும் பற்றிச் சொன்னான். டீச்சர் மனுவின் முதல் பக்கத்தை எடுத்து, 'ஆலையை மூட வேண்டும்' என்ற வரியை நிதானமாக அடித்தார். "மூடிட்டா அந்தம்மா எங்க போவாங்க? இவ்வளவு தெரிஞ்ச ஆளு அங்கதான் இருக்கணும்." அதன்மேல், 'ஆபரேட்டர் நான்கு முறை எழுதிக் கேட்ட ஹீட்டரை மூன்று மாதத்துக்குள் வைக்க வேண்டும்' என்று எழுதினார். "கையெழுத்துப் போட்டவங்ககிட்ட எல்லாம் நான் சொல்லிக்கிறேன்" என்றார். அடியில், 'இன்று காலை செம்பழுப்புப் புகை நீடித்த நேரம்' என்று எழுதி, இடம் விட்டு, 'நேரில் கண்ட ஆலை ஊழியர்' என்று முடித்து, பேனாவை அவனிடம் நீட்டினார்.

ஆலைக்கு எதிரான மனுவில் ஆலையின் புகார் அலுவலர் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மேலாளர் முகம் அவன் கண்முன் வந்தது. மாடி அறையும் மாதச் சம்பளமும் வந்தன. பேனாவை வாங்கினான். 'பதினொரு நிமிடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒன்பது வருடத்தில் அவன் எழுதிய முதல் புகார் அதுதான்.

ஷிப்ட் முடிகிற நேரத்தில் கட்டுப்பாட்டு அறை வாசலில் போய் நின்றான். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். முகம் களைத்திருந்தது, கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"அண்ணி, ஒரு தப்புப் பண்ணிட்டேன். தப்பான்னுகூடத் தெரியல" என்று ஆரம்பித்து, மனுவைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னான். அண்ணியைக் கேட்காமலே அவர் கடிதங்களைப் பற்றிச் சொல்லிவிட்டதையும் சொன்னான். "என் வேலை போயிடும். உங்களுக்கும் ஏதாவது வந்துடுமோன்னுதான் பயமா இருக்கு."

அண்ணி நின்று கேட்டார். அவரைப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வராமல், சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை நிமிஷம்னு எழுதினீங்க?"

"பதினொண்ணு."

அண்ணி கட்டுப்பாட்டு அறைக்குள் திரும்பிப் போனார். அன்றைய பதிவேட்டில் தன் கையால் எழுதியிருந்த பக்கத்தை நகல் எடுத்து, அதன் அடியில் தன் முழுப் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவனிடம் கொடுத்தார்.

"பதினொண்ணேகால் நிமிஷம். இதையும் அதோட சேர்த்து வெச்சுட்டு, போய்த் திருத்திட்டு வாங்க தம்பி."